இரண்டாம் தேவ இரகசியம்

என் வயதுக்காரரே, முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, பேரப்பிள்ளைகள் அனுப்பும் படங்களைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்துக்கொண்டிருக்கும் சனங்களே, இது உங்களுக்குத்தான். இளசுகளிடம் சொன்னால் "அந்தக் காலம் அப்படித்தானே அன்ரி" என்று ஒரே வசனத்தில் கதையை முடித்துவிடுவார்கள். அந்தக் காலம் எப்படி என்று தெரிந்தவர்களிடம் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் கோயில் மண்டபத்தில் முதியோருக்கென்று ஒரு தியானம் வைத்தார்கள். பிளேன்டீ, பிஸ்கட், மின்விசிறி எல்லாம் இருந்தது. இளம் சிஸ்டர் ஒருவர் வந்து சுவரில் படம் காட்டிப் பேசினார். தலைப்பு, 'துறவறத்தாருக்கு மாதாவே முன்மாதிரி'. நல்ல பிள்ளை. சிரித்த முகம், காலில் ஓடுகிற சப்பாத்து. பேச்சுக்கு நடுவே, "போன கிழமை அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன். நான்தான் வீட்ட போய் நிண்டு மருந்து விட்டனான். அதுவும் மாதா காட்டின வழிதானே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் எழும்பி வெளியே வந்து படியில் குந்திவிட்டேன்.

பக்கத்து ஃபிளாட்காரி பின்னாலேயே ஓடி வந்து, "என்னப்பா, பிரஷரா?" என்று கேட்டாள். பிரஷரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குச் சின்ன சிஸ்டரின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா மலைநாட்டில் தோட்டத்துக் கிளாக்கர். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்று என்னைக் கொழும்பில் ஒரு கன்னியர் மடத்துப் போர்டிங்கில் கொண்டுவந்து விட்டார். கொட்டாஞ்சேனை முடிந்து முகத்துவாரம் தொடங்குகிற பக்கம் அந்த மடம். உயரமான மதில், மதிலின் மேலே போத்தல் ஓடுகள். உள்ளே கஞ்சி போட்ட வெள்ளைத் துணி மணமும் மெழுகுதிரி மணமும். வெளியே ஹார்பர் பக்கத்திலிருந்து எண்ணெயும் கருவாடும் கலந்த காற்று. கப்பல் ஊதினால் எங்கள் தட்டுகள் அதிரும். முதல் ஒரு மாதம் நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். தலையணையைப் புரட்டிப்போட்டு, "ஈரம் இல்லாத பக்கத்தில படு, பிள்ளை" என்று சொன்னவர்தான் சின்ன சிஸ்டர்.

மடத்திலேயே வயதில் குறைந்தவர் என்பதால் அந்தப் பெயர். எங்களுக்குத் தமிழும் தையலும் படிப்பித்தார். நடக்கத் தெரியாது அவருக்கு, ஓடத்தான் தெரியும். செபமாலை இடுப்பில் கிலுகிலுக்க, வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பறப்பார். மடத்துத் தலைவியான மதருக்கு அது பிடிக்காது. மதர் யாழ்ப்பாணத்துப் பெரிய குடும்பத்துப் பெண். நிமிர்ந்த நடை, தாழ்ந்த குரல். "சிஸ்டர், மாதா ஓடித் திரிஞ்சவ இல்லை" என்பார். சின்ன சிஸ்டர் உடனே நின்று, தலையைக் குனிந்து, நாலு அடி மெதுவாக நடந்துவிட்டு, மூலை திரும்பியதும் மறுபடி ஓடுவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்த நாளைய சட்டங்கள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மணி அடித்தால் அது ஆண்டவரின் குரல். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டு எழும்ப வேண்டும். வார்த்தைப்பாடு கொடுத்து உள்ளே வந்த கன்னியர் பிறந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. வீட்டார் வேண்டுமானால் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, பார்லர் என்கிற விருந்தினர் அறையில் இன்னொரு சிஸ்டரின் முன்னால் இருந்து கதைத்துவிட்டுப் போகலாம்.

"சிஸ்டர், லீவுக்கு நீங்க எங்க போவீங்க?" என்று நான் ஒருநாள் கேட்டேன். "எனக்கு இதுதானே வீடு" என்றார். அப்போது எனக்குப் பாவமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சிரிக்க அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அம்மா முகத்துவாரத்து மீன்காரி. ஒவ்வொரு நாளும் காலையில் கூடையோடு மடத்துப் பின்கேட்டுக்கு வருவார். வாங்குவது மடத்தில் சமைக்கிற குசினி அம்மா. ஆனால் அந்த மனுஷி விலை சொல்கிற சத்தம் இருக்கிறதே, தெருமுனை வரைக்கும் கேட்கும். "பாரை இருக்கு! சூடை இருக்கு! சாளை துடிக்குது பாருங்க!"

குசினி அம்மா காதைப் பொத்துவார். "எனக்கென்ன செவிடா? ஏனடி இந்தக் கத்து?"

"உனக்கில்லடியம்மா. மேல இருக்கிறவளுக்குக் கேக்கணும்."

மேல் மாடியில்தான் எங்கள் வகுப்பு. சத்தம் வந்ததும் சின்ன சிஸ்டரின் கையில் இருந்த சோக் கரும்பலகையில் அப்படியே நிற்கும். ஜன்னலுக்குப் போக மாட்டார், எட்டிப் பார்க்க மாட்டார். அது சட்டத்துக்கு விரோதம். கேட்பது விரோதமில்லையே. அம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு "வாறன்" என்று கத்திவிட்டுப் போனதும் சோக் மறுபடி ஓடும். அந்த "வாறன்" யாருக்கு என்று எங்களுக்கெல்லாம் தெரியும். நாங்கள் ஒருவரும் மதரிடம் சொன்னதில்லை.

மே மாதம் வந்தது. மாதாவின் வணக்க மாதம். பின்னேரம் தோட்டத்துக் கெபியில், கல்லடுக்கிக் கட்டிய அந்தச் சின்னக் குகையின் முன்னால், எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வோம். பிறகு போர்டிங் பிள்ளைகளில் ஒருத்தி எழும்பி மாதாவின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிந்ததும் மதர் கேட்பார், "இதில எங்களுக்கு என்ன படிப்பினை?" பிள்ளை ஒரு புண்ணியத்தின் பெயரைச் சொல்லும். தாழ்ச்சி, மௌனம், கீழ்ப்படிதல். மதர் அதை விரித்துச் சிஸ்டர்மாருக்குப் போதிப்பார். கொசு கடித்தாலும் கையை அசைக்கக் கூடாது. மாதாவுக்கும் கொசு கடித்திருக்கும்தானே.

அந்த மே மாதத்தில் ஒருநாள் காலையில் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வேறொரு மீன்காரி வந்து, சத்தமே போடாமல் கும்பளா மீன் கொடுத்துவிட்டுப் போனாள். சின்ன சிஸ்டர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி எழுதிய சொல் அப்படியே கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் குசினி அம்மா தட்டு வைக்கிற சாட்டில் குனிந்து, "படுத்த படுக்கையாம், சிஸ்டர். தண்ணியும் இறங்குதில்லையாம்" என்று மெல்லச் சொன்னார். சிஸ்டர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்கு ஒரு பிடியும் போகவில்லை.

அந்தக் கிழமை பார்லர் கதவு திறக்கிற முறை எனக்கு. பித்தளை மணியை யாரோ பயந்து பயந்து ஆட்டினார்கள். சின்ன சிஸ்டரின் அண்ணன். உடுத்திருந்த சாரத்தில் கடல் உப்புக் காய்ந்திருந்தது. பொலிஷ் போட்ட நாற்காலியில் இருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே இருந்தார். மதர் வந்தார்.

"அம்மாவுக்கு இனி நாளில்ல, மதர். தங்கச்சிய ஒருக்கா அனுப்புங்க. நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிட்டு, நானே கொண்டு வந்து விடுறன்."

"தம்பி, அவ இப்ப உங்கட தங்கச்சி இல்லை. ஆண்டவருக்குக் குடுத்தாச்சு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ?"

"திருப்பிக் கேக்கல்ல, மதர். பார்க்கத்தான் கேக்குறன். அவ பேரைச் சொல்லிச் சொல்லித்தான் கிடக்கிறா மனுஷி."

"நாங்கள் எல்லாரும் மன்றாடுறம்" என்று சொல்லி மதர் எழும்பினார். எழும்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அந்த அண்ணன் சாரத்து நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் நின்ற இடத்தில் கொஞ்சம் மணல் கிடந்தது. நான் கூட்டவில்லை.

சின்ன சிஸ்டர் தானே கேட்டுப் பார்த்தார். மடத்தில் எதைக் கேட்பதென்றாலும் முழந்தாளில் நின்று கேட்க வேண்டும். வராந்தாவில், நாங்கள் வரிசையாக நின்று கை கழுவுகிற நேரத்தில், மதரின் முன்னால் முழந்தாளிட்டார்.

"மாதா தன்ர ஒரே பிள்ளையைக் குடுத்தவ. நீங்கள் உங்கட அம்மாவைக் குடுக்க மாட்டீங்களோ, சிஸ்டர்? சிலுவையடியில மாதா எப்பிடி நிண்டவ எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றார் மதர்.

"ஓம் மதர். கிட்ட நிண்டவ." என்றார் சின்ன சிஸ்டர். "எனக்கும் கிட்ட நிக்கத்தான் வேணும்."

 மதரின் கை சிஸ்டரின் முக்காட்டின் மேலே போய், தொடாமல் திரும்பி வந்தது. "சட்டத்தை நான் எழுதேல்லை, பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கழுவின கைகளை ஒருவரும் துடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே நின்றோம்.

அன்று பின்னேரம் கெபியில் நிகழ்ச்சி சொல்கிற முறை என்னுடையது. திட்டம் ஒன்றும் போடவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த கதை ஒன்றுதான் இருந்தது. சின்ன சிஸ்டர் எனக்குச் சொல்லித்தந்த கதை. மாதாவின் சொந்தக்காரியான வயது போன எலிசபெத்தம்மாள் பிள்ளைத்தாச்சி என்று வானதூதரான சம்மனசு சொன்னதும், மாதா எழுந்து, மலைநாட்டுக்கு விரைந்து போய், அவரோடு தங்கி உதவி செய்த கதை. நான் மலைநாட்டிலிருந்து வந்தவள், அதனால் எனக்கு அந்தக் கதையில் ஒரு பெருமை.

"இதில எங்களுக்கு என்ன படிப்பினை?"

'பிறர்சிநேகம்' என்று சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சொந்தக்காரர் ஏலாம கிடந்தா உடனே போகணும், மதர். மாதா ஒருத்தரிட்டயும் கேக்கல்லையே. ஓடித்தானே போனவ."

 பெரிய பிள்ளை ஒருத்தி பின்னாலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். மதரின் முகம் வெளிறிப்போனது. "வாய்க்கொழுப்பு" என்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கெபியின் முன்னால் முழந்தாளில் நிற்கச் சொன்னார். நின்றேன். சரளைக் கல் முட்டியில் ஏறியது. இன்றைக்கும் என் இடது முழங்கால்தான் கூட நோகிறது. அதற்கு அந்தக் கல்தான் காரணம் என்று நான் டொக்டரிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். நான் கைவிரித்து நின்றபோது சின்ன சிஸ்டரைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாதாவின் சுரூபத்தின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பூசை முடிந்து, கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சின்ன சிஸ்டர் குசினிப் பக்கத்தால் வந்தார். ஓடித்தான் வந்தார். நேரே பின்கேட்டுக்குப் போனார். கேட் பூட்டவில்லை. எங்கள் வாச்சர் ஒரு சிங்கள மாமா. அவர்தான் வேண்டுமென்றே நாதாங்கியை எடுத்துவிட்டு, முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"யன்ன சிஸ்டர், போங்க. அனே, அம்மாதானே. நான் ஒண்ணும் பாக்கல்ல."

சிஸ்டர் கேட்டைப் பிடித்தார். கொஞ்சம் திறந்தார். அந்த இடுக்கால் தெரு தெரிந்தது, ஒரு சைக்கிள் போனது, கடல் காற்று அவருடைய முக்காட்டைத் தூக்கியது. ஒரு கால் வெளியே. போங்கோ சிஸ்டர், போங்கோ என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

மணி அடித்தது. வேண்டுமென்று ஒருவரும் அடிக்கவில்லை. அது ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்கு அடிக்கிற மணி, வேலை தொடங்குகிற மணி. சின்ன சிஸ்டர் அப்படியே நின்றார்.  பிறகு வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். கேட்டைத் தானே சாத்தி, நாதாங்கியையும் தானே போட்டார். "ஐயோ சிஸ்டர்" என்று வாச்சர் மாமா தலையில் கையை வைத்தார். ஆண்டவரின் குரல் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்களே, அந்தப் பிள்ளை என்ன செய்யும்? நாய்க்குட்டியைக்கூட இப்படிப் பழக்க மாட்டார்கள் என்று இப்போது ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு எனக்கும் அந்த மணி ஆண்டவரின் குரல்தான். நானும் கோப்பையை வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன்.

அன்றைக்கே முகத்துவாரத்துக் கோயிலில் சாவு மணி அடித்தது. தையல் வகுப்பில் இருந்தோம். சிஸ்டர் கையில் ஊசி இருந்தது. "அடுத்த தையலைப் போடுங்கோ" என்றார். நாங்கள் போட்டோம். என் தையல் கோணலாகப் போனதை அவர் திருத்தவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் வாச்சர் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். சவ ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வருகிறது என்றார். சவம் அடக்குகிற சேமக்காலைக்கு இது வழியே இல்லை. சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ஏனென்று கேட்டதற்கு அந்த அண்ணன் சொன்னாராம், "அவளுக்கு வரேலாதெண்டா, அம்மா வாறா."

மதர் கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் சின்ன சிஸ்டர் மேல்மாடி ஜன்னலில் நிற்கலாம் என்று உத்தரவு கொடுத்து, தானும் வந்து பக்கத்தில் நின்றார். அதைப் பெரிய சலுகை என்றுதான் அவர் நினைத்தார். மீன்பிடிக்கிற ஆட்கள் தோளில் பெட்டியைச் சுமந்து வந்தார்கள். எங்கள் பின்கேட்டுக்கு முன்னால், அந்த அம்மா கூடை இறக்குகிற அதே இடத்தில், பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்கள். அண்ணன் ஒரு கறுப்புக் குடையை அம்மாவின் முகத்துக்கு மேலே பிடித்தார். பிறகு மேலே ஜன்னலைப் பார்த்துவிட்டு, குடையை விலக்கினார். அங்கிருந்து பார்த்தால் முகம் உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. எங்கள் மதிலடியில் அந்த அம்மா சத்தம் போடாமல் கிடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

சின்ன சிஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விழவில்லை, அழவில்லை. பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு அவர்கள் தெரு திரும்பும் வரைக்கும் நின்றார்.

"இப்பிடித்தான் மாதா நிண்டவ" என்றார் மதர், எங்கள் எல்லோருக்கும் கேட்க. அவருடைய கண் கலங்கியிருந்தது. பெருமையில் கலங்கியது என்று நான் நினைத்தேன். மதர் புதிதாக வந்த காலத்தில் அவருடைய தாயும் யாழ்ப்பாணத்தில் அப்படியே போனாராம், அவருக்குத் தந்திதான் வந்ததாம். குசினி அம்மா இதைச் சொன்னபோது நான் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருந்தேன். தான் குடித்த கசாயத்தைச் சின்ன சிஸ்டருக்கும் பருக்கியிருக்கிறார், மருந்து என்று நம்பித்தான். அதை அறிந்த பிறகு அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு சின்ன சிஸ்டர் ஓடவில்லை. வராந்தாவில் செபமாலை கிலுகிலுக்கவில்லை. "இப்பதான் சிஸ்டர் பதமா நடக்கிறா" என்று மதர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்ந்தார். காலையில் யாராவது மீன்காரி தெருவில் கூவினால், எங்கள் சிஸ்டர் எழுதுகிறதை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருப்பார்.

சில வருடங்களில் காலம் மாறியது. ரோமாபுரியிலிருந்து புது ஒழுங்குகள் வந்தன. முக்காடு சின்னதாகியது. கன்னியர் தங்கள் வீட்டுக்குப் போய்வரலாம் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாசித்தார்கள். வயது போன சிஸ்டர்மார்கூடச் சின்னப்பிள்ளைகள் மாதிரிப் பெட்டி அடுக்கினார்கள். சின்ன சிஸ்டர் மட்டும் தையல் அறையில் இருந்தார். மதரே தேடி வந்தார். நான் அப்போது பெரிய பிள்ளை, துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நீங்களும் ஒருக்கா வீட்ட போயிட்டு வாங்கோவன்."

"ஆரைப் பார்க்க, மதர்?"

மதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, சிஸ்டரோட துணைக்குப் போ" என்றார். அவருடைய குரலில் கட்டளை இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை போனோம். பின்கேட்டால்தான் போனோம். மடத்தில் பழக்கம், வெளியே நடந்தால் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பது. திங்களில் சந்தோஷ தேவ இரகசியங்கள், பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சியாக மாதாவின் வாழ்க்கையைத் தியானிப்பது. முதலாவது, சம்மனசு மாதாவுக்கு மங்களவார்த்தை சொன்னது. சிஸ்டர் மெல்லிய குரலில் சொல்ல நான் பதில் சொன்னேன். பேக்கரியைத் தாண்டினோம், தண்ணீர்க் குழாயைத் தாண்டினோம், வலை காய்கிற ஒழுங்கைக்குள் திரும்பினோம். முதல் பத்து மணிகள் முடிந்தன.

"இரண்டாம் தேவ இரகசியம். மாதா எலிசபெத்தம்மாளைச் சந்திக்க..."

சிஸ்டர் நின்றுவிட்டார். நாங்கள் ஒரு வாசலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பலகைக் கதவு, பக்கத்தில் ஆணியில் ஒரு மீன் கூடை கவிழ்ந்து தொங்கியது. உள்ளே அண்ணனுடைய குரல் கேட்டது. சிஸ்டர் கதவைத் தட்டவில்லை. திரும்பி வந்த வழியைப் பார்த்தார். கூரைகளுக்கு மேலே எங்கள் மடத்துத் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. மேல்மாடி ஜன்னலும் தெரிந்தது.

"சின்னதில நடந்த வழிதான்" என்றார். "தூரம், தூரம் எண்டு மனசுக்குச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்."

செபமாலையில் அவருடைய விரல் இரண்டாம் இரகசியத்தின் பெரிய மணியிலேயே நின்றது.

"இவ்வளவு கிட்டவா, பிள்ளை?"

"ஓம், சிஸ்டர்" என்றேன்.